தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூன்று முறை படித்தேன். ஈரோட்டில் ஆறு மாதம், ஐந்து நாடகம், ஒவ்வொன்றும் ஆறு காட்சி, நடிகர்களுக்கு மாதச் சம்பளம். கீழே ‘படிச்சுட்டு நல்லாத் திட்டுங்க மாமா’ என்று ஒரு வரி. திட்டவில்லை. ஆனால் போனில் சொன்னால் ‘சரிங்க மாமா, சரிங்க மாமா’ என்று கேட்டுக்கொண்டு உன் போக்கில் போய்விடுவாய். அதனால் எழுத்தில் வைக்கிறேன். கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் உன்னைப்போல நாடகப் பைத்தியம் பிடித்த நாலு பேராவது இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில்.

முதலில் அந்த சீசன் பாஸ். அதை நோட்டீஸின் அடியில், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி, பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய். ‘நம்ம பக்கம் யாருங்க மாமா முன்பணம் கட்டி நாடகம் பாப்பாங்க’ என்று போன வாரம் நீயே கேட்டாய். கண்ணு, நம்ம பக்கம் முன்பணம் கட்டாமல் நாடகம் பார்த்தவர்கள்தான் யார்?

மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பூச்சாட்டியதும் ஊர் கூடித் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடும். மேளம், பந்தல், வாணம், கடைசி ராத்திரி நாடகம் எல்லாமே அந்த வரிக்குள் அடக்கம். உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வசூலுக்குப் போகும்போது வரி நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான். ‘நாடகத்துக்குக் காசு குடுங்க’ என்று அவர் ஒரு வாசலிலும் கேட்டதில்லை. ‘நோம்பி வரிங்க’ என்பார், அவ்வளவுதான். நாடகம் பிடிக்காதவரும் கொடுப்பார். அன்றைக்குத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் கொடுப்பார். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் சும்மாவும் இருக்க மாட்டார்கள். ராஜபார்ட் கொஞ்சம் சுருதி தப்பினால் போதும், ‘நம்ம காசுல வந்துட்டு இவன் பாடுற லட்சணத்தப் பாரு’ என்று பாயில் படுத்தபடியே சத்தம் போடுவார்கள். அந்த ‘நம்ம காசு’தான் உன் நோட்டீஸில் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரி முடித்த புதிதில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சமூக நாடகம் போட்டோம். 500 டிக்கெட் அடித்தோம், 62 விற்றது. பாதி நாடகத்தில் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக்கொண்டு, ஒத்துக்கொண்ட இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். வந்திருந்த 62 பேரில் ஒருத்தர்கூட அவரைத் தடுக்கவில்லை. பாவம், அவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள், வேடிக்கை பார்த்தார்கள். வரி கொடுத்த ஊராக இருந்திருந்தால் அந்த மனிதர் வேலிப்படலைத் தாண்டியிருப்பாரா? நான் கதாநாயகன், மிச்ச வசனத்தைத் தொண்டை கிழியக் கத்தி முடித்தேன். உன் அத்தை இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆகவே பாஸ் என்ற பேரை எடுத்துவிடு. தலைக்கட்டுச் சீட்டு என்று போடு. ஒரு குடும்பத்துக்கு ஒன்று, விலை 1,000, ஐந்து நாடகத்துக்கும் வீட்டில் இரண்டு பேர் வரலாம். நோட்டீஸின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

இனி கணக்கு. நடிகர்கள் எட்டு பேருக்கு ஆளுக்கு 18,000 என்றால் ஆறு மாதத்துக்கு 8,64,000. நீ நினைக்கிறபடி 400 குடும்பம் சேர்ந்தால் 4 லட்சம். மீதியை வாசல் டிக்கெட்டில் பிடிக்கலாம் என்கிறாய். முப்பது காட்சி, காட்சிக்கு 100 டிக்கெட், 150 ரூபாய் என்றால் நாலரை லட்சம். ஆக 8,50,000. இன்னும் 14,000 துண்டு விழுகிறது. இதில் மண்டப வாடகை இல்லை, லைட் இல்லை, உடுப்பு இல்லை. சம்பளத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, அதில் கைவைக்காதே. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடுகிற கலைஞர்கள் மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளம் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

அப்புறம் மாதம். ஜூனில் ஆரம்பித்து நவம்பரில் முடிப்பதாகப் போட்டிருக்கிறாய். எந்தக் காலண்டரைப் பார்த்துப் போட்டாய்? வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம், ஈரோட்டில் ஒரு மண்டபம் கிடைக்காது. கிடைத்தாலும் நீ கொடுக்கிற வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். உன் நாடகம் பார்க்க வர வேண்டிய ஜனமும் ஏதாவது கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும். புரட்டாசி பிறந்தால் தீபாவளி வியாபாரம். ஜவுளிக்கடையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் ராத்திரி பத்து மணிக்குமேல் வீடு வருகிற காலம் அது. அதைத் தாண்டித் தை, மாசி என்றால் மஞ்சள் வெட்டு, பங்குனி என்றால் பண்ணாரி குண்டம், பெரிய மாரியம்மன், ஊர் ஊருக்கு நோம்பி. யார் வருவார்கள்?

மண்டபங்கள் பூட்டிக் கிடக்கிற மாதங்களில் உனக்குத் தோதானவை இரண்டுதான், ஆடியும் மார்கழியும். நல்ல காரியம் கிடையாது என்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த மாதங்கள் நாடகக்காரிக்கு நல்ல மாதங்கள். ஆடிக்குப் போய்க் கேட்டால், வைகாசிக்குச் சொல்கிற வாடகையில் நாலில் ஒரு பங்குக்குக்கூடப் பேசிப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் திறந்த வெளியில் பந்தல் போட்டால் பந்தலே பவானிக்குப் போய்விடும், அதனால் மண்டபம்தான் சரி. ஆடி முதல் மார்கழி வரை எண்ணிப் பார், சரியாக ஆறு மாதம். ஆடியில் இரண்டு நாடகம், மார்கழியில் இரண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் ஒரு நாடகத்துக்கு இரண்டு வாரம். நடுவில் இருக்கிற நாலு மாதம் ஒத்திகைக்கும், ஐந்தாவதான அந்தப் பனியன் கம்பெனி நாடகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோபி, பெருந்துறை, பவானி என்று போ. திருப்பூருக்கும் ஞாயிறே போ, சனிக்கிழமை அங்கே சம்பள நாள், எல்லோரும் கடைவீதியில் இருப்பார்கள்.

மண்டபத்தில் ஒரு தொல்லை உண்டு. டைல்ஸும் கண்ணாடியும் பதித்த சுவர், குரல் நாலு தடவை எதிரொலிக்கும். கதர்க் கடையிலோ மில்லிலோ கழிவுத் துணி வாங்கி மூன்று பக்கமும் திரை தொங்கவிடு. துணிக்கு ஈரோட்டில் பஞ்சமா?

காட்சி ஆறரைக்கு என்பதும் நடக்காது. கிராமத்தில் அது பால் ஊற்றுகிற நேரம், டவுனில் கடை நேரம். ஏழரைக்கு வை, ஒன்பதரைக்கு முடித்து விடு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வழி இருக்கட்டும்.

சரி, நாடகங்களுக்கு வருகிறேன். நகைச்சுவை நாடகம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, சிரித்தால் சரி. குழந்தைகள் நாடகமும் அப்படித்தான். ‘பவளக்கொடி’யை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியிருப்பது நல்ல காரியம். புதுச்சேரியில் நீ படித்த நாடகப் பள்ளிக்கே அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பேர், அவர் 1922ல் காலமானதும் அந்த ஊரில்தான். அவர் பாட்டை நீ எடுக்காமல் யார் எடுப்பது? ஆனால் அதை நோட்டீஸில் ‘மியூசிக்கல்’ என்று போட்டு, ‘கொங்கு மண்ணில் முதல்முறையாக’ என்றும் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் எனக்கு டீ புரையேறிவிட்டது.

அம்மிணி, கொடுமுடி உனக்கு ஈரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 1908ல் அங்கே பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமிதான் கே.பி. சுந்தராம்பாள். நாடகக் கம்பெனிக்குப் போய், கொழும்பு வரை பாடி, அங்கே பாட்டுக்கார நடிகர் கிட்டப்பாவைப் பார்த்து, பிறகு அவரையே கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து பாடினால் ஊரே கொட்டகையில் என்றிருந்தது. கிட்டப்பா 1933ல் 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அந்த அம்மா வெள்ளைச் சேலைதான். 1935ல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியவர், அதிலும் ஆண் வேடம். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு பாட்டு நாடகம் முதல்முறை என்கிறாய். இசை நாடகம் என்று நம்மிடம் பேர் இருக்கிறது, அதையே போடு.

பேரைவிட முக்கியமான ஒன்று. பாட்டுகளை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிடப் போவதாகச் சொன்னாய். வேண்டாம் கண்ணு. ஆர்மோனியக்காரர் எதற்கு இருக்கிறார்? நடிகைக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தால் கட்டையை இறக்குவார். சனம் கைதட்டினால் அந்த அடியை இன்னொரு தடவை எடுத்துக் கொடுப்பார். வசனம் மறந்து நிற்கிறவனுக்கு ஒரு சின்ன இழை வாசித்து மூச்சுவிட நேரம் வாங்கித் தருவார். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது, அதற்கு நடிகர்கள்தான் பயந்து ஓட வேண்டும். ஆர்மோனியத்துக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர். சம்பளம் பத்துப் பேருக்கு ஆகிறது, ஆறு மாதத்துக்கு 2,16,000 கூடுதல். துண்டு இப்போது 2,30,000. பயப்படாதே, அதைக் கீழே சொல்கிறேன்.

கடைசியாக அண்ணன்மார் கதை, நம்ம பக்கத்து உடுக்கடிப் பாட்டுக் கதை. அண்ணன்மார் பொன்னர், சங்கர் பக்கமிருந்து இல்லாமல் தங்கை அருக்காணி பக்கமிருந்து சொல்லப் போகிறாய் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த ஐந்தில் நான் காத்திருப்பது இதற்குத்தான். 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சிக்கார அம்மா காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் ராத்திரி ராத்திரியாகப் பாடியதை ஒலிநாடாவில் பிடித்து, புத்தகமாகவும் போட்டார். அதைத் தேடிப் பிடித்துப் படி. படித்துவிட்டு மூடிவைத்துவிட்டு, பாடுகிறவர் ஒருவரைத் தேடிப் போய் உட்கார்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்தக் கதையில் வேட்டுவர்கள் எதிர்ப்பக்கம். உன் மண்டபத்தில் இரண்டு பக்கத்து வம்சத்தாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். வில்லனுக்குக் கறுப்பு மீசை ஒட்டுகிற வேலை வேண்டாம். தங்கையின் கண்ணில் பார்த்தால் இரண்டு பக்கமும் செத்துக் கிடக்கிறவர்கள்தானே.

இரண்டாவது படுகளம். செத்த அண்ணன்மாரைத் தங்கை எழுப்புகிற இடத்தில் நிஜ உடுக்கையை அந்தத் தாளத்தில் அடித்தாயானால், கூட்டத்தில் யாருக்காவது சாமி வரும். எனக்குச் சந்தேகமே இல்லை. உன் ஒத்திகையில் அதற்கு இடமில்லை, லைட்டை அணைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகவும் முடியாது. ஒரு சொம்பு தண்ணீரும், திருநீறும், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரும் முதல் வரிசையில் இருக்கட்டும். நீ உடுக்கைக்குப் பதில் கீபோர்டு வைத்தால் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் அதற்கு நான் வர மாட்டேன்.

துண்டு விழுகிற 2,30,000க்கு வழி: இன்னும் 230 தலைக்கட்டு. மொத்தம் 630. உனக்குப் பெரிதாகத் தெரியும், அப்புச்சியின் பழைய வரி நோட்டை எடுத்து எண்ணினேன், எங்கள் ஊரில் அன்றைக்கே 410 பேர் இருக்கிறார்கள். ஈரோடு இவ்வளவு பெரிய ஊர், உனக்கு வேண்டியது ஒன்றரைக் கிராமம். ஆன்லைனில் லிங்க் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, நோட்டுப் புத்தகத்தோடு வாசல் ஏறு. முதல் பத்து வாசலுக்கு நானும் வருகிறேன். மண்டப வாடகைக்கு யாரைக் கேட்பது என்பதை நேரில் பேசுவோம், அந்தப் பேர்களைப் பொதுவில் எழுத முடியாது.

நம் வீட்டுத் தலைக்கட்டுச் சீட்டுக்கு 1,000 ரூபாய் ஜிபே பண்ணியிருக்கிறேன், பார். ஓரத்து நாற்காலியாகக் கொடு, அமுச்சிக்குக் கால் நீட்ட வேண்டும். விஷயத்தை அவர்களிடம் சொன்னேன். பேத்தி நாடகம் என்றதும் சந்தோஷம்தான், தலையணை கொண்டுவரலாமா என்றுகூடக் கேட்டார்கள். எத்தனை மணிக்கு முடியும் என்றார்கள். ஒன்பதரைக்கு என்றேன்.

‘ஒம்பதரைக்கா? அப்பத்தானே வேஷமே கட்டுவாங்க’ என்று திரும்பிப் படுத்துவிட்டார்கள்.

உன் மாமன்,
கோபிசெட்டிபாளையம்