பிளஸ் டூ பசங்களுக்கு இதையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குவாண்டம் கம்ப்யூட்டர் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா படிச்சு முடிச்சா இது ஏதோ சாஃப்ட்வேர்காரங்க சமாச்சாரம்னு தோணுது, அது சரியில்லைங்க. நான் காலேஜ்ல முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்தவ. என்கிட்ட பிஎஸ்சி படிச்ச வியாசர்பாடி பையன் ஒருத்தன், அப்பா லேத் பட்டறையில வேலை, பிசிக்ஸ் படிச்சு டியூஷன்தான் எடுக்கப்போறான்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. அவன் எம்எஸ்சி நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி எம்எஸ்சி போனான், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் ஜேஆர்எஃப் எடுத்து பிஎச்டி முடிச்சான், இப்போ சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்ல, அதாவது கரண்ட் தடையே இல்லாம ஓடுற சர்க்யூட்ல, குவிபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படை அலகு) செய்யுற லேப்ல இருக்கான். 2025 பிசிக்ஸ் நோபல் வாங்கின மூணு பேர் 1984, 85ல அமெரிக்காவுல பெர்க்லியில இந்த மாதிரி சர்க்யூட்ல சோதனை பண்ணாங்களே, அதே வழியில வந்த வேலை. சிப்ப கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரிக்கு குளிர வைக்கணும், ஒரு ஒயர் வழியா கொஞ்சம் சூடு உள்ள போனாலும் கெட்டுச்சு.

லீவுல வந்தா எங்க வீட்டு ஹால்ல தெருப் பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறான். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பழைய கால்குலேட்டர் டிஸ்ப்ளேல இருந்து போலராய்டு ஃபிலிம் (ஒரே திசையில அதிர்ற ஒளிய மட்டும் விடுறது) உரிச்சு, ரெண்ட குறுக்க வெச்சா இருட்டு, நடுவுல மூணாவத சாய்ச்சு சொருகினா வெளிச்சம் திரும்ப வருது! அளக்குறதே ஒளிய மாத்திடுது, குவிபிட்டும் இப்படித்தான்னு அவன் சொன்னப்போ எட்டாவது படிக்கிற பொண்ணு ஃபிலிம கையில இருந்து விடவே இல்ல.

மத்திய அரசு 2023ல குவாண்டம் மிஷன்ங்கிற தேசிய ஆராய்ச்சித் திட்டத்துக்கு 6,003 கோடி ஒதுக்குச்சு, குவாண்டம் கம்யூனிகேஷனுக்கான மையம் நம்ம ஐஐடி மெட்ராஸ்லயே இருக்கு. ஆனா நான் வேலை பார்த்த காலேஜ்லயே பிஎஸ்சி பிசிக்ஸ் சீட்ட குறைச்சுட்டு, லேபே இல்லாம மூணு மாச குவாண்டம் சர்டிஃபிகேட் கோர்ஸ் ஆரம்பிச்சிருக்காங்க, மனசு ஆறவே இல்ல. மேட்ரிக்ஸும் ஆப்டிக்ஸும் கையால சர்க்யூட் போடுறதும் தெரியாம மூணு மாசத்துல என்ன வந்துடும்?

பிஎச்டி பண்ற ஜேஆர்எஃப் பசங்களுக்கு மாசம் 37,000 உதவித்தொகை வருதுன்னே நிறைய அப்பா அம்மாவுக்கு தெரியாது. பிளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயத்துல இன்ஜினியரிங் கட்ஆஃப் போடுற பக்கத்துல ஜாம், நெட், பிசிக்ஸ் பிஎச்டி நுழைவுத் தேர்வான ஜெஸ்ட் இதெல்லாம் என்ன, எப்போ எழுதணும்னு ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்க சார். தகவல் எழுதித் தர நான் ரெடி.

– ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை,
பெரம்பூர், சென்னை