சார்லட் சர்ச்: விட்டுப்போன பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேல்ஸ் பாடகி சார்லட் சர்ச் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 11 வயதில் ஒரு டிவி நிகழ்ச்சியில் தொலைபேசி வழியாகவே 'பியே யேசு' என்ற லத்தீன் பக்திப் பாடலைப் பாடியது, 1998இல் முதல் ஆல்பம், போப்பாண்டவர் முன்னிலையில் கச்சேரி, 2001இல் புஷ் பதவியேற்பு விழா என்று மளமளவென நகர்கிறது கட்டுரை. ஆனால் ஏன் கடைசிவரை 'ஓபரா பாடகி' என்றே எழுதுகிறீர்கள்? ஓபரா என்பது மேற்கத்திய இசை நாடகம், அந்த மேடையில் மைக் கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ராவையும் மீறிக் குரல் பின்வரிசைக்குக் கேட்க வேண்டும். 12 வயதுத் தொண்டையிடம் அதைக் கேட்கவே கூடாது. அவர் பாடியது மைக் வைத்து. செவ்வியல் பாட்டை பாப் பாணியில் தரும் அதற்கு 'கிளாசிக்கல் கிராஸ்ஓவர்' என்று தனிப்பெயரே இருக்கிறது.

சரி, அது சின்ன விஷயம். அவரைக் கொண்டாடிய பத்திரிகைகள் அப்புறம் என்ன செய்தன என்று ஒரு வரிகூட இல்லையே, அதுதான் உறுத்துகிறது.

2011 நவம்பரில் லண்டனில், பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில் சர்ச் சாட்சி சொன்னார். 1999இல் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் திருமணத்தில் பாட அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 13. ஒரு லட்சம் பவுண்டு வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் மர்டாக்கின் பத்திரிகைகள் அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதும் என்று பேசப்பட்டதாம். அந்தப் பெண்ணுக்குப் பணம் வாங்கத்தான் ஆசை. கூட இருந்த பெரியவர்கள்தான் வேண்டாம் என்றார்களாம். மர்டாக் தரப்பு இதை மறுத்தது. ஆனால் 2012 பிப்ரவரியில் நடந்ததை மறுக்க வழியில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் மர்டாக்கின் நிறுவனம் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, சர்ச்சுக்கும் அவருடைய பெற்றோருக்கும் வழக்குச் செலவு உட்பட 6 லட்சம் பவுண்டு கொடுத்தது. மர்டாக்கின் பத்திரிகையான 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' அவர்கள் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட 33 செய்திகள் அந்த வழக்கில் பேசப்பட்டன. பாராட்டி எழுதுவார்கள் என்று நம்பிப் பணத்தை விட்டுக்கொடுத்த லட்சணம் இது!

அடுத்து அமெரிக்கப் பாடகி ஜாக்கி இவாங்கோ பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். 2010இல் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்' போட்டியில் இரண்டாமிடம் பிடித்தபோது அவருக்கு 10 வயதுதான். குரலைப் பற்றி இரண்டு பத்தி போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார், வருமானம் யார் பொறுப்பில் இருந்தது, பள்ளிப் படிப்பு என்ன ஆனது என்பதை விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி