டிராகனுக்கு முன் ஆநிரை: தருமபுரி, கிருஷ்ணகிரி நூலக வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நிகழ்ச்சிகளில் டேபிள்டாப் ஆர்பிஜிக்கும் (பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்துக்கும்) ஒரு மேசை போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நான்கைந்து பேர் சேர்ந்து ஆடுவது இது. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருட்டுவார்கள். அப்படி ஒரு மேசை போடுவதானால், எல்லோரும் சொல்லும் பெயர் என்பதற்காக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (சுருக்கமாக டி அண்ட் டி) வாங்கிவிடாதீர்கள். ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தின் வழிவந்த சதவீத விதிகளில் தொடங்குங்கள்.

டி அண்ட் டி 1974இல் வந்தது. முதலில் வந்ததால் மற்ற ஆட்டங்களையும் அதை வைத்தே அளந்தார்கள். நான்கே ஆண்டில், 1978இல், கேயாசியம் நிறுவனம் ரூன்குவெஸ்ட்டை வெளியிட்டது. அதில் வீரன், மந்திரவாதி என்ற வகுப்பும் இல்லை, லெவல் என்ற படிநிலையும் இல்லை. ஒவ்வொரு திறனுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண், அவ்வளவுதான். அதன் சாரத்தை 1980இல் 16 பக்கச் சிறுநூலாகவே போட்டார்கள். எங்கள் கணிப்பில், உலகமே ஆடும் ஆட்டமாகியிருக்க வேண்டியது அதுதான். ஆனால் 1984இல் மூன்றாம் பதிப்பு அவலான் ஹில் நிறுவனத்தின் கைக்குப் போனது. விலை கூடிய பெட்டியாக வந்தது, அதற்கே உரிய குளோராந்தா என்ற கற்பனை உலகமும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அதோடு வேகம் போய்விட்டது.

ஸ்வீடனில் கதை வேறு. கேயாசியத்தின் அதே விதிகளை அடியாகக் கொண்டு 1982இல் ஸ்வீடிஷ் மொழியிலேயே டிராக்கார் ஓக் டெமோனர் வந்தது. அங்கே ஒரு தலைமுறைக்கு ஆர்பிஜி என்றால் அதுதான். ஜப்பானில் 1989இல் சுவோர்ட் வேர்ல்ட் கையடக்கப் புத்தகமாக வந்தது, வீட்டில் கிடக்கும் ஆறுமுகப் பகடை இரண்டு போதும். தாய்மொழியில், கைக்கு எட்டும் விலையில், கிடைக்கும் பொருளை வைத்து ஆட முடிந்த இடங்களில் டி அண்ட் டி தானாக முதலிடம் பிடித்துவிடவில்லை. தமிழில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

நம் பகுதிக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய டி அண்ட் டியில் பெரும்பாலும் புதையல் எடுத்துத்தான் அனுபவப் புள்ளி ஏறும். குளோராந்தாவில் குலம், முன்னோர், மாடு கவர்தல், மீட்டல் இவைதான் வாழ்க்கை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னன் ஆட்சி, எந்த ஊர், யார் கவர்ந்த தொறுவை (மாட்டு மந்தையை) மீட்டு யார் பட்டான் என்று சில வரிகளில் ஒரு முழு ஆட்டத்துக்கான சரக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு நிலவறையும் டிராகனும் விளக்கும் நேரத்தில் ஆநிரை மீட்கும் கரந்தைப் போரைத் தொடங்கிவிடலாம்.

முதல் ஆட்டத்துக்குப் பாத்திரங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். டி அண்ட் டியின் வகுப்புகளுக்கு ஒரு நன்மை உண்டு: தான் என்ன செய்ய வேண்டும் என்று புதியவருக்கு உடனே தெரிந்துவிடும். சதவீத விதியில் அது இல்லை. தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் எல்லாத் திறனிலும் 25, 30 என்று பரப்பி வைப்பார்கள், நாலு முறைக்கு மூன்று முறை தோற்று அலுத்துப்போவார்கள். ஆளுக்கு இரண்டு திறனாவது 60க்கு மேல் இருக்கட்டும். உதாரணம்: தடம் பார்த்தல் 65, ஒளிந்து நகர்தல் 60, ஈட்டி 45, பேச்சு 30.

திறன் 65 என்றால், 1 முதல் 100 வரை விழும் உருட்டலில் 65 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். 42 விழுந்தால் தடம் கிடைத்தது. 71 விழுந்தால்? தடமே இல்லை என்று சொன்னால் கதை அங்கேயே நின்றுவிடும். தடம் கிடைத்தது, ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது என்று சொல்லுங்கள். வென்ற திறனுக்கு எதிரே ஒரு டிக் போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் டிக் உள்ள திறனுக்கு மீண்டும் உருட்டி, இருக்கும் எண்ணைவிடக் கூடுதலாக விழுந்தால் 5 ஏற்றுங்கள். பயன்படுத்தியது வளரும், நன்றாகத் தெரிந்தது மெதுவாக வளரும்.

இதற்கு வேண்டிய பத்துமுகப் பகடை நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. ஒரே அளவு பாட்டில் மூடி பத்து எடுத்து, உள்பக்கம் 0 முதல் 9 வரை எழுதித் துணிப்பையில் போடுங்கள். முதலில் எடுப்பது பத்தின் இடம். அதைத் திரும்பப் போட்டுக் குலுக்கி எடுப்பது ஒன்றின் இடம். இரண்டும் 0 என்றால் 100, கட்டாயத் தோல்வி. திரும்பப் போட மறந்தால் 11, 22, 33 போன்ற பத்து எண்கள் வரவே வராது, கணக்கு கெட்டுவிடும். நசுங்கிய மூடி விரலுக்குத் தெரிந்துவிடும், அதை மாற்றிவிடுங்கள். தேய்த்த புளியங்கொட்டை இதற்கு ஆகாது. அதில் நடு எண்களே அதிகம் விழும்.

பலர் தவறுவது ஒளிந்து போகும் காட்சியில்தான். நான்கு பேருக்கும் 60 இருந்து, நால்வரையும் தனித்தனியே உருட்டச் சொன்னால், எல்லோரும் தப்புவதற்கான வாய்ப்பு வெறும் 13 சதவீதம். குழுவில் குறைந்த திறன் உள்ள ஒருவர் மட்டும் உருட்டட்டும். சண்டையையும் அளவாக வையுங்கள். ரூன்குவெஸ்ட்டில் அடி கையிலா காலிலா என்று பார்ப்பார்கள், காலில் ஒரு பலத்த குத்து விழுந்தாலே ஆள் சாய்வார். எதிரிகள் தோற்றால் ஓடுவார்கள், பேரம் பேசுவார்கள் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உரிமம் பற்றிக் கேட்பீர்கள். கேயாசியம் தன் அடிப்படை விதிகளை 2023இல் ஓஆர்சி என்ற திறந்த உரிமத்தில் திறந்துவிட்டது. உரிமக் குறிப்பைச் சேர்த்துத் தமிழில் எழுதி அச்சிடலாம், குளோராந்தா போன்ற அவர்களின் சொந்த உலகங்களைத் தொடக்கூடாது. டி அண்ட் டியும் அதே ஆண்டில் தன் அடிப்படை விதிகளை வேறொரு திறந்த உரிமத்தில் வெளியிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதன் மூன்று முதன்மைப் புத்தகங்களும் தலா 300 பக்கத்தைத் தாண்டும், ஆங்கிலத்தில்.

நாங்கள் கேட்பது ஒரு மேசை, ஐந்து நாற்காலி, வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம். நான்கு பக்கத் தமிழ் விதித்தாளும் ஆறு பாத்திரத் தாளும் எழுதித் தர நாங்கள் தயார். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்புங்கள். முதல் இரண்டு ஆட்டங்களுக்கு நாங்கள் கேம் மாஸ்டராக உட்காருகிறோம், மூன்றாவதற்கு உங்கள் வட்டத்திலிருந்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி ஆர்பிஜி ஆட்டக்காரர்கள்