தனித் தேனீயாக ஆடியவர்களைத் தேடுகிறேன்: கணக்கு டீச்சரின் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணக்கு டீச்சரிடம் ஆடிய எல்லாருக்கும்,

டீச்சரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதவில்லை; எழுத வேண்டாம் என்பது அவர் உத்தரவு. டஸ்டரால் பெஞ்சில் தட்டி நம்மை ஆடவைத்தவர் என்றால் போதும், உங்களுக்குப் புரிந்துவிடும்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே கட்டம் போட்ட நோட்டுகள், 41 இருந்தன. நாம் ஆடிய எல்லா நடனமும் அதில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மேலிருந்து பார்த்த மேடை. ஒரு கட்டம் ஓரடி, ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து அம்புக்குறி, ஓரத்தில் டஸ்டர் எத்தனை முறை தட்ட வேண்டும் என்ற எண்ணிக்கை. அசைவுகளை எழுதிவைக்க ருடால்ஃப் லாபான் என்பவர் 1928லேயே ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார் என்பது டீச்சருக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியுமாம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு நோட்டு வாங்கியிருக்க வேண்டாம்" என்று சிரித்தார்.

அவர் முறையாக நடனம் கற்றவர் இல்லை. ஆனால் நடனக் கலைஞர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா' என்ற நடனத்தில் பரதத்தோடு யோகத்தையும் களரியையும் கொண்டுவந்து நிறுத்தினார். 1989இல் அவருடைய 'லீலாவதி' வந்தது. கணித அறிஞர் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் அதே பெயரில் எழுதிய நூலின் கணக்குச் சுலோகங்களுக்கு நடனம். கணக்கு டீச்சர் அதைக் கேள்விப்பட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? மூல நூலைத் தேடிப் படித்தார். நமக்குத் தேனீக் கணக்கு கிடைத்தது.

ஒரு தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போனது, மூன்றில் ஒரு பங்கு சிலீந்திரப் பூவுக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு குடசப் பூவுக்கு. மிச்சம் ஒரே ஒரு தேனீ. ஒரு பக்கம் தாழம்பூ, மறுபக்கம் மாலதி, இரண்டு வாசனையும் இழுக்க நடுவானில் அலைகிறது. மொத்தம் எத்தனை? நாம் விடையை எழுதவில்லை, ஆடினோம். மூன்று பேர், ஐந்து பேர், ஆறு பேர், ஒருத்தர். பதினைந்து. பாட்டும் இல்லை, ஜிகினாவும் இல்லை, யூனிஃபார்ம்தான். "பாட்டு இல்லாம என்ன டான்ஸ்?" என்று ஆண்டு விழாவில் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு டீச்சர் பதிலே சொல்லவில்லை. அடுத்த வருடமும் அதையே போட்டார். அதற்கடுத்த வருடமும்.

சிக்கல் அந்தத் தனித் தேனீயிடம்தான். பதினான்கு பேரின் ஒவ்வொரு அடியும் நோட்டில் இருக்கிறது. பதினைந்தாவது ஆளின் இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரே சொல்: "நிற்காதே." அம்புக்குறி கிடையாது. கேட்டால், "அதை ஒவ்வொரு பிள்ளையும் தானாத்தான் கண்டுபிடிச்சுது. நான் எப்படி எழுதறது?" என்கிறார்.

வீடியோ இருக்கிறதே என்பீர்கள். கல்யாணத்துக்கு எடுக்கிறவரைத்தான் கூப்பிட்டிருந்தோம். அவர் நம் முகங்களை நெருக்கத்தில் காட்டி, நடுநடுவே சிறப்பு விருந்தினரைக் காட்டி, ரோஜாப்பூ விரிவது போல் காட்சி மாற்றியிருக்கிறார். கால் எங்குமே இல்லை. மிஞ்சிய கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை.

ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி 1913இல் பாரிஸில் அமைத்த 'வசந்தத்தின் சடங்கு' என்ற பாலே பத்து முறைகூட மேடையேறாமல் மறைந்துபோனது. அதை 1987இல் நடன ஆய்வாளர் மில்லிசென்ட் ஹாட்சன் மறுபடி கட்டியெழுப்பினார். கைக்குக் கிடைத்தவை நிஜின்ஸ்கியின் உதவியாளர் மரீ ராம்பேர் இசைத்தாளில் எழுதிய குறிப்புகள், ஓவியர் வாலன்டைன் கிராஸின் கோட்டோவியங்கள், பார்த்தவர்கள் சொன்னவை. நம் நடனத்தை அதனோடு ஒப்பிட்டால் டீச்சரே திட்டுவார். ஆனாலும் நமக்கு ஒரு வசதி உண்டு: ஆடியவர்களில் பெரும்பாலோர் உயிரோடுதான் இருக்கிறோம், முட்டிவலியோடு.

அதனால்தான் இந்த மடல். வீட்டில் கேசட் இருந்தால் கொண்டுவாருங்கள். ஆனால் பூஞ்சை பிடித்ததைப் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவும் போகும், அதைப் படிக்கும் ஹெட்டும் போகும். போட்டோவில் கால் தெரிந்தால் தங்கம். நினைவில் இருப்பதை எழுதும்போது ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டாம். கேட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் நினைவே எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். நம் பேட்ச் வாட்ஸாப் குழுவில் அதைத்தான் தினமும் பார்க்கிறோமே.

தனித் தேனீயாக ஆடியவர்கள் எழுதக்கூட வேண்டாம். நேரில் வாருங்கள். டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் பதினைந்துக்குப் பதினைந்தடி இடம் இருக்கிறது, நானே அளந்துவிட்டேன். நீங்கள் ஒவ்வொருவராக ஆடுங்கள். புதுக் கட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இந்த முறை நான் எழுதுகிறேன். டஸ்டர் இன்னும் டீச்சரிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
1993 பேட்ச், கடம்பப் பூவில் இரண்டாவது தேனீ