‘பையன்’ என்று சொல்லியே வைத்திருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலத்து இளைஞர்களுக்குப் பொறுப்பு ஏற்கும் எண்ணமே இல்லை, மூத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் கிடைக்காது என்று சில அதிகாரிகள் வருத்தப்பட்டுப் பேசியிருந்த கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். வருத்தம் நியாயமானதுதான், ஆனால் கூண்டில் தவறான ஆளை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் இயந்திரப் பராமரிப்பில் இருந்து, அதில் கடைசிப் பதினெட்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் என் பங்கை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் பிரிவில் ஒரு பையன் இருந்தான். எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டான், சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். (பையன் என்று எழுதிவிட்டேன் பாருங்கள், அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.) எனக்குப் பிறகு அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் ஒரு கம்ப்ரசரில் சத்தம் மாறியிருக்கிறது, சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார். திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, இரண்டு மணி நேர உற்பத்தி போனதுதான் மிச்சம். நான் வந்ததும் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, “யாரைக் கேட்டு நிறுத்தினாய்?” என்றேன். கத்தவில்லை, மெமோ எதுவும் கொடுக்கவில்லை. அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் போன். இரவு இரண்டு மணிக்கு, “சார், நிறுத்தட்டுமா, ஓடட்டுமா?” இதில் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருப்பது எது தெரியுமா, அந்த போன்கள் எனக்குப் பிடித்திருந்தன. நான் இல்லாமல் அங்கே ஒரு நட்டு கழலாது என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறேன்.

நல்ல வேலைக்காரர் ஒருவரை முடிவெடுக்கத் தெரியாதவராக மாற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அதே வாயால், “இவனுக்குத் தைரியம் பத்தாது” என்று மேலதிகாரியிடம் நானே சொன்னேன்.

இன்னொரு கூத்து, யாரைத் தலைவராக்குகிறோம் என்பது. பிரிவிலேயே நன்றாக வேலை செய்கிறவர் யாரோ அவருக்குப் பதவி உயர்வு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டது என்னவென்றால், அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேலாளர் பதவி கிடைக்கிறது, ஆனால் அவர்களுக்குக் கீழே வரும் ஆட்களின் விற்பனை சராசரியாகக் குறைகிறது. தன் கையால் செய்வது ஒரு திறமை, பத்துப் பேரைச் செய்ய வைப்பது வேறு திறமை. பக்கத்தில் தடுமாறுகிறவனுக்கு யாரும் சொல்லாமலே போய் உதவுகிறவர் யார், ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்கு நின்று விவரம் சொல்லிவிட்டுப் போகிறவர் யார் என்று கவனித்தால் ஓரளவு ஆள் தெரிந்துவிடும். வருடாந்தர மதிப்பீட்டுக்கான அப்ரைசல் படிவத்தில் அதற்கெல்லாம் கட்டமே இருப்பதில்லை.

சரி, ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அப்புறம்? ஒரு வெள்ளிக்கிழமை ஆர்டர் வரும், திங்கட்கிழமை முதல் நீ சூப்பர்வைசர். நேற்று வரை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு இன்று விடுப்பு மறுக்க வேண்டும். உன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரிடம் “இது சரியாக இல்லை, திரும்பச் செய்யுங்கள்” என்று சொல்ல வேண்டும், அதுவும் அவர் மனம் நோகாமல். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம் நான் செய்ததெல்லாம் ஒன்று குழைவது, இல்லையென்றால் விறைப்பது. 2012-ல் அமெரிக்காவில் தலைமைப் பயிற்சி நடத்தும் ஒரு நிறுவனத்தின் தலைவர் தங்களிடம் உள்ள சுமார் 17,000 பேரின் விவரங்களைப் பார்த்து எழுதியிருந்தார். பயிற்சிக்கு வருகிறவர்களின் சராசரி வயது 42, அந்த நிறுவனங்களில் மேற்பார்வையாளர்களின் சராசரி வயதோ 33. கிட்டத்தட்ட பத்து வருடம் தப்பும் தவறுமாகப் பழகி, அது கெட்டிப்பட்ட பிறகு பயிற்சி!

நேரமில்லை என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நிலைமை இதைவிட மோசம். அனுபவசாலிகள் பலர் படைக்குப் போய்விட்டார்கள், வந்தவர்களில் நிறையப் பேர் ஆலையையே பார்த்திராதவர்கள். அப்போது மேற்பார்வையாளர்களுக்கென்று அரசு ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது, 1940 முதல் 1945 வரை நடந்தது. வேலையைக் கற்றுக்கொடுப்பது எப்படி, ஆட்களோடு சிக்கல் வந்தால் கையாள்வது எப்படி, வேலை முறையைச் சீர்செய்வது எப்படி என்று முக்கியமாக மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் பத்தே மணி நேரம், நாளுக்கு இரண்டு மணியாக ஐந்து நாள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் தேறினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற நிறுவனங்களில் ஊன்றிக்கொண்டது. ஆள் கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம் என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை விதி. எங்கள் பக்கம் அது அப்படியே தலைகீழ்.

ஆனால் பாடம் மட்டும் போதாது. விமானிகளைப் பாருங்கள். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால் அடுத்த பயணத்தில் துணை விமானி ஓட்டுவார், மேலெழுப்புவதும் தரையிறக்குவதும் அவரே. அப்போது கேப்டன் கண்காணிப்பார், ரேடியோவில் பேசுவார், தேவைப்பட்டால் மட்டும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். மொத்தப் பொறுப்பும் அப்போதும் கேப்டனுடையதுதான். ஓட்டுகிற வேலையைப் பொறுத்தவரை, அந்தத் துணை விமானி ஒரு நாள் கேப்டன் ஆகும்போது அவருக்குப் பெரும்பாலும் எதுவும் புதிதாக இருக்காது. நாங்கள் என்ன செய்கிறோம்? நாம் விடுப்பில் போகும்போது மட்டும் “நீ பார்த்துக்கொள்” என்று சாவியைக் கொடுக்கிறோம். கூட ஆள் இருக்கும்போது ஓட்டவிடாமல், ஆளே இல்லாத நாளில் ஓட்டச் சொல்கிறோம்.

கடைசி நான்கைந்து வருடங்களில்தான் நான் இதை மாற்றினேன். அடுத்து வரக்கூடியவர் என்று தோன்றிய ஒரு பெண் டெக்னீஷியனுக்கு வாரத்தில் ஒரு ஷிப்டை முழுதாகக் கொடுத்தேன், நானும் அங்கேயே இருந்தேன். யாருக்கு எந்த வேலை, யாருக்கு விடுப்பு, ஸ்டோரில் எந்த உதிரிபாகத்துக்கு எழுதிக்கொடுப்பது எல்லாம் அவர் முடிவு. எதை அவரே முடிவு செய்யலாம், எதைச் செய்துவிட்டுச் சொல்லலாம், எதைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். உயிர் சம்பந்தப்பட்டது எல்லாம் மூன்றாவது பட்டியலில், அதில் விளையாட்டில்லை. மேலாளரோடு நடக்கும் காலைக் கூட்டத்துக்கும் எனக்குப் பதில் அவரே போய்ப் பேசினார். நான் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயிற்சி எனக்குத்தான் நடந்தது, நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்குவது சாமானியமாக இல்லை. ஒரு முறை அவர் ஆட்களைத் தவறாகப் பிரித்துப் போட்டு, நான்கு மணி நேரத்தில் முடியும் வேலை ஏழு மணி நேரம் ஆயிற்று. பாதியிலேயே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மேலாளர் யார் முடிவு என்று கேட்டபோது, “முடிவு அவருடையது, அனுமதி என்னுடையது” என்றேன். அந்தப் பெண் எதுவும் பேசாமல் லாக் புத்தகத்தில் என்ன நடந்தது என்று முழுதாக எழுதி வைத்தார், தன் தவறு உட்பட. முன்பு நான் கெடுத்தவராக இருந்தால் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘பொறுப்பு’ என்ற அடைமொழியோடு பதவி தருவார்கள். வேலை சூப்பர்வைசர் வேலை, சம்பளம் பழைய சம்பளம், கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது, தப்பு நடந்தால் மட்டும் பெயர் மேலே வரும். இதை வேண்டாம் என்று சொல்கிற இளைஞருக்கு ஆர்வம் இல்லை என்று எழுதுவது அநியாயம், அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. அதேபோல உண்மையிலேயே ஆட்களை மேய்க்கப் பிடிக்காதவர்களும் உண்டு. கைத்திறமையிலேயே மேலே போக அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும், ஆறு மாதம் தலைமைப் பொறுப்பில் இருந்து பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்றால் கௌரவமாகப் பழைய வேலைக்குத் திரும்பவும் வழி இருக்க வேண்டும். திரும்பி வந்தவரைத் தோற்றவராகப் பார்க்கிற இடத்தில் யார் முன்வருவார்கள்?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அதிகாரிகளை மட்டும் கேட்காதீர்கள். பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நான்கைந்து பேரைப் பிடித்து, முதல் வாரம் எப்படிப் போனது, யார் கூட நின்றார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு மேற்பார்வையாளர்