துணை விண்மீன்களைக் கணக்கிடும்போது வயதையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்மீன்களில் பெரும்பாலானவை இரட்டையாகவே, அதாவது ஒன்றையொன்று சுற்றும் இணையாகவே, பிறந்து இரட்டையாகவே வாழ்கின்றன என்று அறிவியல் கட்டுரைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்திலும் அண்மையில் அதைப் படித்தேன். சூரியனை ஒத்த விண்மீன்களைப் பொறுத்தவரை, வயதைக் குறிப்பிடாமல் இப்படிச் சொல்வது பாதி உண்மையே.

நம்மிடமிருந்து ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருக்கும் இத்தகைய 454 விண்மீன்களைத் வானியலாளர் தீபக் ராகவனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 56 விழுக்காடு தனித்திருப்பவை. 33 விழுக்காடு இரட்டைகள். எஞ்சியவை மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்த கூட்டங்கள். ஆகவே, சூரியனைப் போலத் தனித்திருப்பதே சற்றுப் பெரும்பான்மை. ஆனால் இந்த 454-இல் மிகப் பல, பிறந்து நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறந்து சில பத்து இலட்சம் ஆண்டுகளே ஆன விண்மீன்கள் நிறைந்த, ரிஷப மண்டலத்திலுள்ள வாயு முகிலை 1990-களில் ஆராய்ந்தபோது, ஒரே அளவு இடைவெளிகளில் ஒப்பிட்டால் துணையுடையவை நம் அண்டையில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருப்பது தெரியவந்தது. வயது ஏற ஏறத் துணைகள் பிரிந்துவிடுகின்றன என்று இதிலிருந்து முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதே இளம் பருவத்திலுள்ள, மிகவும் நெரிசலான ஓரியன் நெபுலா என்னும் விண்மீன் கொத்தில் இந்த மிகுதி காணப்படவில்லை; அங்கே அகன்ற இடைவெளி கொண்ட இணைகள் அரிதாகவே உள்ளன. நெருங்கிக் கடக்கும் அண்டை விண்மீன்களின் ஈர்ப்பு, தளர்வாகப் பிணைந்த இணைகளைத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறது என்பதே இதற்குப் பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ஆகவே பிரிவுக்குக் காரணம் வெறும் வயதன்று. பிறந்த இடத்தின் நெரிசலுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

முதிய விண்மீன்களைப் பற்றிய இன்னொரு முடிவு, எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது, இதற்கு நேர்மாறாக ஒலிக்கும். இரும்பு போன்ற கனமான தனிமங்கள் குறைவாக உள்ள விண்மீன்களில், மிக நெருங்கிச் சுற்றும் துணைகள் கூடுதலாக இருப்பதை மோ, கிராட்டர், பேடனெஸ் ஆகிய வானியலாளர்கள் 2019-இல் காட்டினர். கனத் தனிமங்கள் குறைந்த விண்மீன்களில் பல, பால்வெளியின் பழங்காலத்தில் பிறந்தவை. அவற்றுக்கு நெருங்கிய துணைகள் மிகுந்திருப்பதற்குக் காரணம் அவை உருவான வாயுவின் தன்மையே; முதுமையில் புதிதாகத் துணை தேடிக்கொண்டதன்று.

உண்மையான முதுமை மாற்றம் இறுதிக் கட்டத்தில்தான் வருகிறது. சூரியன் போன்ற ஒரு விண்மீன் சிவப்புப் பேருருவாக வீங்கும்போது, மிக அருகிலுள்ள துணை அதன் புற வாயுவுக்குள் மூழ்கி, அதனுடன் இணைந்துவிடவும் கூடும். தொலைவிலுள்ள துணையோ, பேருரு தன் நிறையை இழக்க இழக்க மேலும் விலகிச் செல்லும். எடுத்துக்காட்டாக, நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் கூட்டமான ஆல்பா சென்டாரியின் இரு பெரிய விண்மீன்கள் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றுகின்றன. அவற்றிடையே உள்ள தொலைவு, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல 11 முதல் 36 மடங்கு வரை மாறுகிறது. இரண்டில் கனமானது முதலில் வீங்கும். மற்றது விழுங்கப்படாது, சுற்றுப்பாதைதான் அகலும்.

ஆகவே இனி இத்தகைய விகிதத்தை வெளியிடும்போது, அது எந்த வகை விண்மீன்களுக்கு, எந்த வயதில், எவ்வளவு இடைவெளியிலுள்ள துணைகளைக் கணக்கிட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்