எங்கள் மூச்சுக்கு எங்கள் அளவுகோல் வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் 17 ஆண்டுகளாக "இழுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிப்போன தொழில்நுட்பர் எழுதும் மடல் இது.

சென்ற மாதம் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் வந்தார். வயது 45, உயரம் 162 செ.மீ., புகைப்பழக்கம் இல்லை. வேறொரு மருத்துவமனையிலும் எங்களிடமும் அவர் ஊதியது அதே 3.1 லிட்டர் காற்று. ஐரோப்பியர் அளவுகளை வைத்திருந்த அங்குள்ள கருவி அவரிடம் 4 லிட்டரை எதிர்பார்த்து, 78 விழுக்காடு, 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' (நுரையீரல் முழுதாக விரியவில்லை) என்று அச்சிட்டது. வயது, உயரம், பாலினம் கொண்டு இயல்பளவைக் கணக்கிடும் பழைய இந்தியச் சமன்பாடு ஒன்று இருந்த எங்கள் கருவியோ 3.4 லிட்டரை எதிர்பார்த்து, 91 விழுக்காடு, இயல்பு என்றது. முதல் அறிக்கையால் அவருடைய குடலிறக்க அறுவைச் சிகிச்சை இரண்டு மாதம் தள்ளிப்போனது. சிடி ஸ்கேனுக்காக மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. அந்தச் சீட்டையும் இரண்டு அறிக்கைகளையும் மேசைமேல் பரப்பி, "இதுல எதுங்க என்னோட நுரையீரல்?" என்று கேட்டார்.

துறை அறியாததைச் சொல்லவில்லை. 2012இல் வந்த உலகளாவிய சமன்பாடுகளின் இனப்பிரிவுகளில் இந்தியர்களுக்கெனத் தனிப் பிரிவு இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 7.2 கோடிப் பேரான நாம் கருவியின் பட்டியலில் 'மற்றவர்'. இனப்பிரிவு நீக்கிய பிந்தைய சமன்பாடும் அதே தரவுகளைச் சராசரியாக்கியதுதான். நலமானவர்களின் நுரையீரல் அளவுகளை எடுத்து 1990இல் வெளியான சென்னை ஆய்வு 15 முதல் 40 வயது வரையே பார்த்தது. என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் அதைத் தாண்டியவர்கள். ஐரோப்பிய அளவில் பத்து விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளும் வழக்கமும் ஆபத்தானது: எதிர்பார்ப்பைத் தேவைக்கு மேல் தாழ்த்தினால், பஞ்சுத் தூசியால் உண்மையிலேயே கெட்ட நுரையீரலும் 'இயல்பு' ஆகி, இழப்பீடு கேட்கும் தொழிலாளியின் வாயை அடைத்துவிடும்.

எனவே, புகைபிடிக்காத, நோயற்ற ஆண்களையும் பெண்களையும், முதியோர் உட்பட, மலையிலும் சமவெளியிலும் கடற்கரையிலும் போதிய எண்ணிக்கையில் ஊதச் செய்து, நம் மக்களுக்கான இயல்பளவுகளை வகுத்துத் தாருங்கள். கருவி வாங்கக் கோடிகளில் ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைக்கு, அந்தக் கருவி யாரோடு யாரை ஒப்பிடுகிறது என்று கேட்க மட்டும் நேரமில்லை போலும். மன்னியுங்கள், கேட்க வந்தது இயல்பளவுகளைத்தான், அவற்றையே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். அதுவரை, எந்தச் சமன்பாட்டால் கணக்கிட்டது என்பதை ஒவ்வோர் அறிக்கையிலும் அச்சிடவாவது ஆணையிடுங்கள்.

அவருடைய சம்மதத்தோடு, பெயரை மறைத்து, இரண்டு அறிக்கைகளின் நகல்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஒரு நுரையீரல் பரிசோதனைத் தொழில்நுட்பர்